ஏட்டுக்குப் பூவும் பொட்டும் போதுமா?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)



பழஞ் சுவடிகள், பத்திரிகைகள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் காத்து வைக்கும் ஆராய்ச்சி நூல்நிலையங்களைப் பற்றிப் பேச வேண்டும் எனச் செயலாளர் எம்மைக் கேட்டபொழுது நாம் சிறிது தயங்கினோம். காரணம் யாதெனில், இந்த விடயத்தில் நாம் மேடையில் நிற்கத் தக்கவர் அல்லோம். குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர். அதனை முதலிலே சொல்லிவிடுகின்றோம்.

எமது பூட்டனார் ஊரிலே பெயர்பெற்ற ஒரு பரியாரியார். அவர் தம் கைப்பட எழுதிய வாகடச் சுவடிகள் ஏழு கட்டு எமது வீட்டிலே இருந்தன. சாமியறை மூலையில் ஒரு பழைய ரங்குப்பெட்டி. அதனுள்ளே அவை கிடக்கும். ஆண்டுதோறும் நவராத்திரி வந்தவுடன் அப்பாச்சி பெட்டியைத் திறந்து, ஏழு கட்டையும் வெளியே எடுத்து, கும்பத்தின் முன்னே மஞ்சட் துணி விரித்து அடுக்குவார். சந்தனம் குழைத்து மேற்சட்டத்திலே தடவி, குங்குமப் பொட்டும் இட்டு, செவ்வரத்தம் பூ வைப்போம். விசயதசமி கழிந்ததும் அவை மீண்டும் பெட்டிக்குள் போகும். கயிற்றை அவிழ்த்துப் பார்க்க நாம் ஒருமுறை கை நீட்டினோம். "மோனே, அது பூட்டற்ரை சொத்து. கண்ட நிண்ட நேரம் அவிழ்க்கப்படாது" என்று அப்பாச்சி தடுத்துவிட்டார். பெரியவர்களும் அவிழ்க்கவில்லை. அவ்வளவு பயபக்தி!

ஓராண்டு நவராத்திரியின் முதல்நாள் ஒரு கட்டைத் தூக்கியபொழுது அது பஞ்சுபோல் எழும்பிற்று. பெட்டியின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அவ்வழியே கறையான் ஏறி, ஓலைகளை உள்ளுக்குள்ளே தின்று, அந்த இடத்தை மண்ணால் நிரப்பிவிட்டது. மேற்சட்டத்தை எடுத்தால் கீழே புற்றுமண். ஏழு கட்டில் எஞ்சியவை ஒன்பது ஓலைகள். சட்டத்தில் நாம் இட்ட பொட்டு மாத்திரம் அழியாமல் இருந்தது. அப்பாச்சி ஒரு சொல்லும் சொல்லாமல் அன்று முழுவதும் சாமியறை வாசலிலே இருந்தார். அந்தக் காட்சி இன்னும் எம் கண்ணை விட்டு அகலவில்லை.

இந்தக் கதை எமது வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது உங்களிற் பலருக்குத் தெரியும்.

நம் பிள்ளைகள் அனைவர்க்கும் ஏடு தொடக்குகின்றோம். விசயதசமியன்று குழந்தையை மடியில் இருத்தி, அகரம் எழுதிய பனையோலையைக் கையிலே கொடுத்து, அரிசியில் விரல் பிடித்து எழுதுவிக்கின்றோம். எழுத்தின் வாசலிலே ஓலையை நிறுத்திய மக்கள் நாம். ஆயினும் அந்த ஓலை எத்தகைய பொருள் என்பதனை மறந்து போனோம். பனையோலையை வாட்டி, அவித்து, உலர்த்திப் பதப்படுத்தி எழுத்தாணியாற் கீறுவார்கள். கீறிய கோட்டிலே கரியும் எண்ணெயும் பச்சிலைச் சாறும் பூசித் துடைத்தால் எழுத்துக் கருமையாகத் தோன்றும். இவ்வளவு செய்தாலும் நமது வெப்பத்திலும் மாரி ஈரத்திலும் இரண்டு நூறு, மிஞ்சினால் மூன்று நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் ஓலை நிற்பது அரிது. இதனை முன்னோர் நன்றாக அறிந்திருந்தனர். ஆதலின் ஓலை முதுமையடையுமுன் புதிய ஓலையிலே படியெடுத்தனர். பழைய நூல்கள் நமக்குக் கிடைத்தது ஓலையின் வலிமையினால் அன்று; தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் முதுகு வளைந்து உட்கார்ந்து படியெடுத்தமையினாலே. அச்சு வந்தபின் படியெடுப்போர் குறைந்தனர். நாமோ அச்சிலும் ஏற்றாமல், படியும் எடுக்காமல், பூ மட்டும் வைத்தோம்.

சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் இந்த ஆபத்தை வேளைக்கே கண்டவர். அரசாங்க உத்தியோகத்தின் பாரத்தோடு ஊரூராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கி, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சேற்றினார். அவர் பதிப்புரைகளை இளைஞர்கள் ஒருமுறையாவது வாசித்தல் வேண்டும். கையிலெடுத்த ஏடு கண்முன்னே உதிர்வதைக் கண்ட ஒருவரின் பதைப்பு அவற்றிலே உண்டு. பிழை பிடிப்போர் பிடிக்கட்டும், நூல் பிழைத்தாற் போதும் என்ற துணிவும் உண்டு. அவர் காலத்திலே அவரைக் குறைகூறியோர் பலர். குறைகூறியோர் காத்த ஏடு எத்தனை என்பதை நாம் கேட்கப் போவதில்லை.

ஓலை நிற்க. தாள் எப்படி? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கந்தலிலிருந்து செய்த தாள் ஓரளவு உறுதியானது. பின்னர் மரக்கூழில் இருந்து மலிவாகச் செய்த தாள் வந்தது. அதிலே உள்ள அமிலம் நாளடைவில் தாளையே தின்றுவிடும். பத்திரிகைத் தாள் எல்லாவற்றிலும் மட்டமானது. மஞ்சளாகி, மடித்த இடத்தில் ஒடிந்து, அப்பளம்போல் நொறுங்கும். 1841இலே தொடங்கிய உதயதாரகையும், சைவ பரிபாலன சபையார் 1889இலே தொடங்கிய இந்து சாதனமும், 1930இலே சுன்னாகத்தில் எழுந்த ஈழகேசரியும் நமது சரித்திரத்தின் நாட்குறிப்புகள். ஒரு நூலாசிரியர் தாம் முக்கியம் என்று கருதியதையே எழுதுவார். பத்திரிகையோ, முக்கியம் என்று ஒருவரும் கருதாததையும் சேர்த்து வைத்திருக்கும். அரிசி விலை, கப்பல் வரும் நாள், கோயில் வழக்கு, பெண்கள் பாடசாலைக்கு வந்த எதிர்ப்பு, மரண அறிவித்தல் எல்லாம் அங்கேதான் உண்டு. அத்தகைய தாள்களிலே எத்தனை கட்டு நம் கடைகளிலே கச்சான் சுருளாகப் போயின!

கடைக்குப் போகும் தாளைத் தடுத்து நிறுத்திய ஒரு மனிதரைப் பற்றி இப்பொழுது சொல்ல வேண்டும். அவர் பெரும் பட்டம் பெற்ற பண்டிதர் அல்லர். தமிழ்நாட்டிலே செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் வாழ்ந்த முத்தையா செட்டியார். சென்னையிலே விளம்பரப் பலகை எழுதுவது அவர் தொழில். 'ரோஜா' என்பது அவர் வைத்துக்கொண்ட ஓவியப் பெயர். 1950ஆம் ஆண்டளவில் சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளிலே அவர் நூல்களை வாங்கத் தொடங்கினார். இலக்கியமும் வைத்தியமும் மாத்திரமா? நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம், கலியாணக் கடிதம், கைச்சீட்டு, நிழற்படம், தனிமனிதர் எழுதிய கடிதம் என்று பிறர் குப்பையென ஒதுக்கியவற்றையெல்லாம் சேர்த்தார். வீடு நிறைந்தது. ஏறக்குறைய 40 ஆண்டு இந்த வேலையே அவர் வாழ்க்கை. 1992இலே அவர் காலமானபொழுது அங்கே நூலும் சஞ்சிகையும் பிறவுமாக ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் இருந்தன.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். அவர் நூல் வாங்கிய அந்த மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு தீக்கிரையாகிவிட்டது. அவர் அங்கிருந்து கோட்டையூருக்குக் கொண்டுபோனவை பிழைத்தன. தாம் தீயிலிருந்து காக்கின்றோம் என்று எண்ணி அவர் வாங்கவில்லை, ஆசையினால் வாங்கினார். எப்படியாயினும் பொருள் பிழைத்தது.

அவர் மறைந்தபின் அத்தொகுதி சிதறிப்போகும் நிலை வந்தது. அமெரிக்காவிலுள்ள சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் அதனை வாங்கினர். "கடைசியில் வெள்ளைக்காரனுக்குத்தானே போயிற்று" என்று நம்மவர் சொல்லும் சொல் எமது காதில் விழுகின்றது. போகவில்லை. 1994இலே சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் நிறுவப்பட்டது. மூலங்கள் அங்கேயே இருக்கின்றன. நுண்படம் எடுத்து அந்தப் படங்களே கடல் கடந்தன. நுண்படச் சுருளைக் குளிர்ந்த, ஈரமற்ற அறையிலே வைத்தால் பல நூறு ஆண்டு நிற்கும் என்பர். இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகத்துக்கு எவரும் சென்று படிக்கலாம். நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையில் மாத்திரமன்றிச் சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சியந்திரம் வைத்து நூல் பதிப்பித்தவர் அல்லவா? தாமோதரம்பிள்ளை பதிப்புகளும் அங்கேயே அச்சாயின. ஆகவே சென்னையிலே பழைய அச்சு நூல்களைக் காப்பவர் நமது நாட்டுச் சரித்திரத்தையும் சேர்த்தே காக்கின்றார்.

இனிச் சொல்லப் போவதை நாம் குரல் தாழ்த்தியே சொல்ல வேண்டியிருக்கின்றது. 1981 மே 31ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீயிட்டு எரிக்கப்பட்டது. 1933இலே கே. எம். செல்லப்பா என்னும் ஒருவர் தம் வீட்டில் வைத்துத் தொடங்கிய சிறு முயற்சி, நூல்நிலைய விற்பன்னர் அரங்கநாதன் ஆலோசனை கூற, சென்னைச் சிற்பி நரசிம்மன் வரைபடம் கீற, ஊர்மக்கள் பணம் சேர்க்க, 1959இலே வெண்ணிற மாளிகையாகத் திறக்கப்பட்டது. அதிலே ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் பழைய பத்திரிகைத் தொகுதிகளும் ஓரிரவில் சாம்பலாயின. பன்மொழி அறிஞராகிய தாவீது அடிகளார் அந்த நெருப்பைக் கண்ட அதிர்ச்சியிலே உயிர் நீத்தார். அந்தச் சாம்பலைக் கண்ட கண்கள் இந்தச் சபையிலும் உள்ளன. இளைஞர்கள் அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்க. நாம் அதனை விரித்துச் சொல்ல மாட்டோம்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். யாழ்ப்பாண வைபவமாலை அந்தத் தீயோடு அழிந்தது என்று மேடைகளிலே சிலர் பேசக் கேட்டிருக்கின்றோம். அது சரியன்று. ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்த நூலை 1879இலே பிறிற்றோ என்பவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார், பிற்காலத்திலே குல. சபாநாதன் தமிழ் மூலத்தை ஆராய்ந்து பதிப்பித்தார். ஆகவே எரிந்தது பிரதி, நூல் எரியவில்லை. இன்றும் நாம் அதனை வாங்கிப் படிக்கலாம். அதே மண்டபத்தில், அதே இரவில், ஒரேயொரு பிரதியாக இருந்த கையெழுத்துகளோ என்றென்றைக்கும் போயின. அவற்றுட் சிலவற்றின் பெயரைக்கூடச் சொல்ல ஆள் இல்லை. எமது வீட்டில் கறையான் செய்த வேலையைத்தான் அங்கே நெருப்புச் செய்தது. கறையானுக்கு வன்மம் இல்லை என்பது ஒன்றே வேற்றுமை.

கட்டடம் மீண்டும் எழுந்தது. அலுமாரிகளும் நிறைந்தன. ஆனால் பழைய ஏட்டைப் புதிதாக வாங்க எந்தக் கடையிலும் முடியாது.

நிழற்படங்களின் கதை இன்னும் வருத்தமானது. அது ஒவ்வொரு வீட்டுக் கதையும் ஆகும். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் செம்மணி வெளியாலே தென்மராட்சிக்கு நடந்தபோது கையிலே எதைக் கொண்டு போனோம்? காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, நகை, மாற்றுடை. மழை வேறு. படத் தொகுப்பை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றினாலும் பாரம். ஐந்தாறு மாதம் கழித்துத் திரும்பியபோது சுவரிலே படம் மாட்டிய ஆணி இருந்தது. அப்பாச்சியின் படம் அந்த ஆணியிலேதான் தொங்கியது. அவருக்கு இருந்தது அந்த ஒரே படம் என்று நினைத்து அழுதோம்.

பல ஆண்டுகள் சென்றபின், கனடாவில் இருக்கும் எமது ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோது கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே அப்பாச்சி! பின்கட்டுத் திண்ணையிலே மடியில் சுளகோடு இருக்கின்றார். எமது தகப்பனார் ஸ்ரூடியோவிலே இரண்டு பிரதி எடுப்பித்து ஒன்றைத் தம் தமக்கையாருக்குக் கொடுத்திருக்கின்றார். அக்காலத்தில் இரண்டாம் பிரதிக்கு வேறாகக் காசு. "வீண் செலவு" என்று வீட்டிலே அன்று பேச்சு வாங்கினாராம். அந்த வீண் செலவினாலேதான் எமது பிள்ளைகள் தங்கள் பூட்டியின் முகத்தை அறிவார்கள்.

எமது மனத்திலே ஏழு கட்டுச் சுவடியும் இந்த ஒரு படமும் பக்கத்திற் பக்கமாக இருக்கின்றன. பூட்டி வைத்தது போயிற்று. பகிர்ந்து கொடுத்தது வந்தது.

இதனைச் சொன்னால் பெரியோர்களுக்குச் சில ஆட்சேபங்கள் எழும் என்பதனை அறிவோம். சென்ற மாதம் ஒரு வீட்டிலே ஏடு இருக்கிறதெனக் கேள்வியுற்றுப் போனோம். வீட்டு ஐயா எம்மை இருத்தி, தேநீரும் தந்து, பின்பு சொன்னார்: "முந்தி ஒருத்தர் வந்து, வாசிச்சுப்போட்டுத் தாறன் எண்டு ரெண்டு கட்டுக் கொண்டு போனவர். இன்னும் வாறார்." அவர் சொன்னதில் நியாயம் உண்டு. இரவல் வாங்கிய ஏட்டைத் திருப்பிக் கொடாத அறிஞர்கள் நம்மிடையே இருந்தனர். அவர்கள் செய்த கேட்டினால் நூறு பெட்டிகள் பூட்டிக்கொண்டன. வேறு சிலர், வைத்திய முறை குடும்ப இரகசியம் என்பர். சாதகக் குறிப்பும் காணி வழக்கும் ஏட்டிலே இருந்தால் அவற்றை வெளியிட விருப்பமின்மையும் இயற்கையே. இவற்றை நாம் இகழவில்லை.

ஆனால் இன்று ஏட்டை வீட்டைவிட்டு அகற்ற வேண்டிய தேவை இல்லை. ஏடு உங்கள் சாமியறையிலேயே இருக்கட்டும். இளைஞர் இருவர் பகல் வெளிச்சத்திலே உங்கள் விறாந்தையில் இருந்து, உங்கள் கண்முன்னே, ஓலை ஓலையாகப் படம் எடுத்துவிட்டு, கட்டி உங்கள் கையிலே தந்துவிட்டுப் போகலாம். வெளியிடலாமா கூடாதா என்பதை உங்கள் விருப்பப்படி எழுதி வைத்துக்கொள்ளலாம். 2005ஆம் ஆண்டு தொடங்கி நம் நாட்டு நூல்களையும் சஞ்சிகைகளையும் சிறப்பு மலர்களையும் எண்ணிம முறையிலே ஆவணப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்தார், ஊர்க் கோயில் மலரையும் பள்ளிக்கூட மலரையும்கூட ஒதுக்காமல் சேர்க்கின்றனர். முத்தையா செட்டியார் கலியாணக் கடிதத்தைச் சேர்த்த அதே மனம் அது. அவர்களிடம் ஒரு பிரதி, உங்களிடம் ஒரு பிரதி, வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளையிடம் ஒரு பிரதி என்று இருந்தால், ஒரு கறையானோ ஒரு தீயோ அதனை முற்றாக அழிக்க முடியாது.

வேலைக்கு வரும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். கயிற்றை அவிழ்க்குமுன் கட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு படம் எடுங்கள். ஓலையின் ஒழுங்கு குலைந்தால் சேர்ப்பது பெரும்பாடு. பக்கத்திலே ஓர் அடிமட்டத்தை வையுங்கள். தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், ஆராய்ச்சி நூல்நிலையங்களில் பூசுவது எலுமிச்சைப்புல் எண்ணெய், அதுவும் கை தேர்ந்தவர்கள். சந்தனமும் குங்குமமும் ஓலையிலோ சட்டத்திலோ படவேண்டா. சந்தனத்தின் ஈரம் பூஞ்சணத்தை அழைக்கும். சரசுவதிக்கு வைக்கும் பூவைத் தட்டிலே வைத்தால் அவள் கோபிக்க மாட்டாள். கிழிந்த தாளுக்குப் பசை நாடா ஒட்டாதீர்கள். நிழற்படத்தின் பின்னே பேனையால் எழுதாமல், மெல்லிய பென்சிலால், படத்தில் உள்ளோர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதுங்கள். பெயரற்ற படத்திலே முகம் இருந்தும் ஆள் இல்லை.

எமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அலுமாரியைச் சென்ற கிழமை திறந்து பார்த்தோம். இந்த மலரின் முதல் மூன்று இதழ்களும் அங்கே இல்லை. மற்றவர்களைக் குறைகூற வந்த எமக்கு முகம் கறுத்துப் போயிற்று. உங்கள் வீட்டுப் பெட்டகத்திலோ, அரிசிச் சாடிக்கு அடியில் விரித்ததாகவோ அவை இருந்தால், அட்டை இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள். படம் எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். தருவோம் என்றால் தருவோம். செயலாளர் கையொப்பமிட்டுச் சீட்டுத் தருவார்.

கடைசியாக, பூட்டனாரின் ஒன்பது ஓலைகளையும் இன்று கொண்டு வந்திருக்கின்றோம். வாசற் பக்கத்து மேசையிலே கண்ணாடியின் கீழே இருக்கின்றன. பழைய ஓலையிலே மெய்க்குப் புள்ளி இல்லை. குறிலும் நெடிலும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். நாம் நெடுநாள் முயன்று எட்டு ஓலையை ஒருவாறு வாசித்துவிட்டோம். எல்லாம் காய்ச்சலுக்கும் குழந்தை வயிற்று நோவுக்கும் உரிய குடிநீர் வகைகள். ஒன்பதாம் ஓலையிலே ஒரு மூலிகையின் பெயர் எமக்குப் பிடிபடவில்லை. முன்னெழுத்துப் பாதி ஒடிந்திருக்கின்றது. பரியாரி வேலை தெரிந்த பெரியோர் யாரேனும் கூட்டம் முடிந்தபின் ஒரு கணம் நின்று பார்த்துச் சொல்வீர்களாயின், பக்கத்திலே இளைஞர் ஒருவர் கொப்பியும் பென்சிலுமாகக் காத்திருக்கின்றார்.